மார்கழியில் பேஸைப் பூட்டி வைக்காதீர்கள்

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், சோளிங்கர், திருத்தணி வட்டார பேண்டு செட் மாஸ்டர்களுக்கும், வாசிப்பவர்களுக்கும், செட்டு நடத்தும் முதலாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாஸ்டர்களே, அண்ணன் தம்பிகளே,

கார்த்திகை முகூர்த்தங்கள் முடிந்து மார்கழி பிறக்கப் போகிறது. இனி தை பிறக்கும்வரை கல்யாண வேலை இருக்காது. டிரம்மைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றுவீர்கள். டிரம்பெட்டும் யூஃபோனியமும் பெட்டிக்குள் போகும். பெரிய பேஸ், அதாவது டூபா, மட்டும் எந்தப் பெட்டியிலும் அடங்காமல் சாக்கு போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். அந்த மூலையில் நிற்கும் வாத்தியத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பல வருடம் பேஸ் வாசித்தவன் நான். இப்போது வால்வு வேலையும் பார்க்கிறேன். என்னிடம் இறுகிப்போய் வருகிற வால்வுகளில் பெரும்பாலானவை தை மாதத்தில்தான் வருகின்றன. ஐப்பசியில் மழையில் நனைந்து ஊர்வலம் போனபோது நன்றாக ஓடிய வாத்தியம், ஒரு மாதம் சும்மா நின்ற பிறகு அசைய மறுக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஓடித் தேய்கிற வாத்தியத்தைவிட, நின்று கெடுகிற வாத்தியமே அதிகம். எண்ணெய் விட வேண்டிய மாதம் வேலை இல்லாத மாதம்.

நம் செட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் மீரட் வாத்தியங்கள். 1885-இல் அங்கே நாதிர் அலி கம்பெனி தொடங்கியது. இன்றும் அந்த ஊரின் ஜலி கோட்டிப் பகுதியிலிருந்து நாடு முழுவதற்கும் பேண்டு வாத்தியம் போகிறது. நமக்கு வருபவற்றில் இருப்பது பிஸ்டன் வால்வு. மூடியைத் திருகி, பிஸ்டனை உருவி, துடைத்து, நாலு சொட்டு விட்டு இறக்கினால் முடிந்தது. வேனில் போகும்போதே செய்துவிடலாம். ஆனால் செகண்ட் ஹேண்டிலோ, கலைந்துபோன ஒரு பேண்டிலிருந்தோ, ஜெர்மன் பாணியில் செய்த ரோட்டரி வால்வு டூபா கைக்கு வருவதுண்டு. குரல் கனமாக, வட்டமாக இருக்கும். விலையும் சில சமயம் படியும். வாங்கிய கையோடு பிஸ்டன் பழக்கத்தையே அதனிடமும் காட்டுகிறோம். வில்லங்கம் அங்கே ஆரம்பிக்கிறது. பிஸ்டன் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வருகிறது. ரோட்டர் கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியாததை யாரும் கவனிப்பதில்லை.

அந்தக் கூட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். உருண்டையான பித்தளைக் கூட்டுக்குள் ஓர் உருளை உட்கார்ந்திருக்கிறது. லீவரை அமுக்கினால் அது கால் சுற்று, அதாவது 90 டிகிரி, திரும்பும். நேராகப் போய்க்கொண்டிருந்த காற்று கூடுதல் குழாய் வழியே சுற்றிப் போகும், சுரம் இறங்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் உருளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. உருளையைத் தாங்குவது அதன் இரண்டு முனைகளிலும் உள்ள அச்சு. உருளையின் உடம்பு கூட்டின் சுவரை உரசவே கூடாது. நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம்தான் காற்றுக் கசிவையும் அடைக்கிறது. இது மனதில் இருந்தால் எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் என்பது குழப்பம் தராது.

எண்ணெய் விட வேண்டிய இடம் மூன்று.

முதலாவது உருளை. இதற்கு மிக மெல்லிய எண்ணெய் வேண்டும். ரோட்டர் ஆயில் என்று கேட்டால் சென்னையில் பெரிய இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத நேரத்தில் பிஸ்டனுக்கு விடும் மெல்லிய வால்வு எண்ணெயே போதும். லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வால்வின் ஸ்லைடை, அதாவது கூடுதல் குழாயை, உருவுங்கள். அமுக்காமல் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ‘டப்’ என்று சத்தம் வரும், அது வால்வுக்கு நல்லதல்ல. சொட்டு குழாயின் உள்சுவரில் படாமல் நேராக வால்வின்மேல் விழ வேண்டும். சுவரில் பட்டால் அங்கே ஒட்டியிருக்கும் ஸ்லைடு கிரீஸைக் கரைத்துக்கொண்டு எண்ணெய் வால்வுக்குள் இறங்கும், வால்வு மந்தமாகிவிடும். நீளமான மூக்குள்ள குப்பி இல்லையென்றால், உருவிய ஸ்லைடின் வாய்க்குள்ளேயே நாலைந்து சொட்டு விட்டுத் திரும்பச் சொருகுங்கள். பிறகு வாத்தியத்தைச் சாய்த்து எண்ணெயை வால்வுப் பக்கம் ஓட விட்டு, லீவரை விடாமல் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது அச்சு முனைகள். வால்வின் ஒரு பக்கத்தில் திருகு மூடி இருக்கும். கழற்றினால் நடுவில் அச்சின் முனை தெரியும். அதன்மேல் ஒரு சொட்டு. மறுபக்கத்தில் லீவரோடு இணைந்த சிறிய கை இருக்கும். அந்தக் கைக்கு அடியில், தண்டு கூட்டுக்குள் நுழைகிற இடத்தில் இன்னொரு சொட்டு. இங்கே உருளைக்கு விட்டதைவிடக் கொஞ்சம் கனமான எண்ணெய் வேண்டும். இந்த அச்சு தேய்ந்துவிட்டால் உருளை ஆடும், கூட்டை உரசும். அதற்குப் பிறகு எந்த எண்ணெய் விட்டாலும் பழைய நிலை திரும்பாது. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு விட்டதோடு வால்வுக்கே எண்ணெய் விட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொட்டு அச்சுக்குத்தான், உருளைக்குப் போதாது. இரண்டும் தனி வேலை.

மூடியைக் கழற்றிய கையோடு இன்னொன்றையும் பாருங்கள். அச்சின் முனையிலும் அதைச் சுற்றியுள்ள தட்டிலும் சிறு கீறல்கள் இருக்கும். லீவர் சும்மா இருக்கும்போது ஒரு கீறலும், முழுக்க அமுக்கியபோது மற்றதும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், கை வந்து மோதி நிற்கும் கார்க்கோ ரப்பரோ தேய்ந்துவிட்டது என்று பொருள். உருளை கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ திரும்பி, காற்றுப் பாதையின் ஓரத்தை மறைக்கிறது. சுரம் அடைத்தாற்போல் வரும். நாம் வாசிப்பவனின் மூச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பழைய கார்க்கை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு துண்டு வைத்து, கீறல் நேராகும்வரை பிளேடால் சீவி விடுவது சின்ன வேலைதான்.

மூன்றாவது லீவரின் மூட்டுகள். லீவர்கள் கோத்திருக்கும் கம்பி, வால்வுக் கையோடு இணைக்கும் பந்து மூட்டு, திருகுகள். இங்கே இன்னும் கனமான எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் தாராளமாக விடலாம். ‘கடகட’ என்று வால்வு சத்தம் போடுகிறது என்று பலர் வாத்தியத்தையே விற்றுவிடப் பார்க்கிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மூட்டில் மட்டும் ஒரு சொட்டு விட்டு லீவரை ஆட்டிக் கேளுங்கள். எந்த மூட்டில் விட்டதும் சத்தம் அடங்குகிறதோ, தேய்மானம் அங்கேதான்.

விடக்கூடாத எண்ணெய்களையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மார்கழி விடியலில் வால்வும் சேர்ந்து உறையும். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பசையாகும். விளக்கெண்ணெயும் வேண்டாம், அது மிகவும் பிசுக்கு. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் காய்ந்த பிறகு வழுக்க ஒன்றும் மிஞ்சாது. இன்ஜின் ஆயில் உருளைக்கு மிகவும் கனம். ஸ்பிரே டப்பாவில் வரும் துரு நீக்கிகள் அந்த நேரத்துக்கு வால்வை ஓட வைக்கும், எண்ணெயின் இடத்தைப் பிடிக்காது. ஸ்லைடுகளுக்கு வாசலினோ லானோலினோ போதும், அதையும் மெல்லியதாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இனி வாத்தியம் ஏன் நின்று கெடுகிறது என்பதற்கு வருகிறேன். பி ஃபிளாட் டூபாவின் குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். நம் மூச்சின் ஈரம் அந்த நீளம் முழுக்கத் தண்ணீராகப் படிகிறது. அதோடு எச்சில், பந்தியில் சாப்பிட்ட சோற்றின் துணுக்கு, குடித்த சோடாவின் சர்க்கரை, வாயில் அடக்கிய பாக்கு எல்லாம் போய்ச் சேர்கின்றன. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஈரமும் புளிப்பும் பட்டு அப்படியே நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும். தினமும் வாசிக்கும்போது உருளையின் அசைவும் புது எண்ணெயும் அந்தக் களிம்பை ஒட்ட விடுவதில்லை. நின்றுவிட்டால் எண்ணெய் வடிந்துவிடும், ஈரம் தங்கிவிடும். நூறில் சில பங்கு மில்லிமீட்டர் இடைவெளியை அடைக்க எவ்வளவு களிம்பு வேண்டும்?

இது நம் ஊருக்குப் புரியாத விஷயமே இல்லை. விசைத்தறி ஓடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பாவு இல்லாமல் சில வாரம் நின்ற தறியைத் திரும்ப ஓட்டும் நாளில் முதலில் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறோம். ஓடுகிற தறிக்குப் பழக்கத்தில் கை எண்ணெய் விடும், நிற்கிற தறிக்கு நினைவு வைத்து விட வேண்டும். வால்வுக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே மார்கழிக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஸ்லைடுகளைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குழாய்களை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், மேல் பூச்சு உரிந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காய்ந்த உப்பே வால்வில் படிந்துவிடும். வெளியே பளபளப்புக்காகப் புளி போட்டுத் துலக்குகிறவர்கள் வால்வுப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். புளியின் அமிலம் உள்ளே தங்கினால் எடுப்பது கஷ்டம். நன்றாகக் காய்ந்ததும் மூன்று இடத்திலும் எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை சாக்கை விலக்கி, எல்லா லீவரையும் ஆட்டி, ஐந்து நிமிடம் ஊதி, தண்ணீரை வடித்து, உருளைக்கு நாலு சொட்டு விட்டு வையுங்கள். வேலை நாட்களில் என்றால், வாய் கொப்பளித்துவிட்டு ஊதுவதும், ஊதி முடித்த இரவே எண்ணெய் விட்டு வைப்பதும் போதும். அச்சுக்கும் மூட்டுக்கும் மாதம் ஒரு முறை.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மாட்டுக் கொட்டகையிலோ யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ பித்தளை வாத்தியத்தை வைக்காதீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் படை இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, ஏற்கெனவே இழுபட்டு இறுகியிருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது என்பது 1921-இல் விளக்கப்பட்டது. வளைத்தும் இழுத்தும் செய்த நம் குழாய்களும் அதே பித்தளைதான்.

வால்வு இறுகியே விட்டால் என்ன செய்வது? கட்டிங் பிளேயரால் கையைப் பிடித்து முறுக்காதீர்கள். சுத்தியலால் தட்டாதீர்கள். கை வளைந்தால் சரிசெய்யலாம், அச்சு வளைந்தால் அந்த வால்வின் கதை முடிந்தது. இரண்டு அச்சு முனைகளிலும் ஸ்லைடு வழியாக உருளையிலும் மெல்லிய எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் வால்வுக் கூட்டின்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கையால் மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னொரு நாள் பொறுங்கள். பொறுமைக்கு இளகாத வால்வு வேலை தெரிந்தவர் கைக்குப் போகட்டும். உருளையைக் கழற்றுவது வீட்டில் பார்த்துப் பழகும் வேலை இல்லை. ஒன்றாம் வால்வின் உருளை இரண்டாம் வால்வின் கூட்டில் பொருந்தாது. அச்சுத் தட்டு ஒரு முடியளவு சாய்வாக உட்கார்ந்தாலும் உருளை பிடித்துக்கொள்ளும்.

“ஒரு பேஸுக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஊர்வலத்தில் ஆடுகிறவன் காதுக்கு டிரம்பெட்டும் டிரம்மும்தான் கேட்கும். பேஸ் நின்றால் மட்டும், ஏன் பாட்டு மெலிந்துவிட்டது என்று தெரியாமல் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மெட்டைத் தரையில் நிறுத்துவது அந்தக் குரல்தான்.

அந்நிய வாத்தியம் என்று இதை ஒதுக்கவும் நமக்கு உரிமை இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் அவர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியதால் வந்தவையே நோட்டுஸ்வரங்கள். அதே தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியது நம் திருத்தணி மலையில் என்பது மரபு. 1835-இல் அவர் எட்டயபுரத்தில் மறைந்தார். அதே 1835-இல்தான் வியன்னாவில் ஜோசப் ரீடல் ரோட்டரி வால்வுக்கு உரிமம் வாங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் வீப்ரெஹ்ட்டும் மோரிட்ஸும் முதல் பேஸ் டூபாவுக்கு உரிமம் வாங்கினார்கள். அந்த முதல் டூபாவில் இருந்தது வேறு வகை வால்வு. ரோட்டரி வால்வும் டூபாவும் பின்னர்தான் சேர்ந்தன. தீட்சிதர் பேண்டு இசையைக் காதில் வாங்கியது டூபா பிறப்பதற்கும் முன்னால். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலையடிவாரம்வரை வாசித்துப் போகிற உங்களுக்கு இந்த இசையில் பரம்பரைப் பாத்தியதை உண்டு.

இப்போது முதலாளிகளிடம் ஒரு வார்த்தை. நம் தொழிலில் வாத்தியம் ஒருவருடையது, வாசிப்பவர் வேறொருவர். இன்று இந்தச் செட்டுக்கு வாசிக்கிற தம்பி நாளை நகரியில் வேறு செட்டுக்குப் போவான். தினக்கூலிக்கு வந்தவன் எண்ணெய் விடுவான் என்று நீங்கள் இருக்கிறீர்கள், முதலாளி பார்த்துக்கொள்வார் என்று அவன் இருக்கிறான். நடுவில் காய்வது வால்வு. ஒவ்வொரு செட்டிலும் எண்ணெய்ப் பொறுப்பு இன்னாருக்கு என்று ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள். மார்கழியில் அவர் வந்து பார்க்கும் நாளுக்கும் கூலி கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். வால்வு செத்த டூபாவுக்கு மாற்று வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி பெரிதாகத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் மற்ற தொழிற்பேட்டைகளுக்கும் வேலைக்குப் போகிற தம்பிகளே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் டர்னரும் படித்திருக்கிறீர்கள். மைக்ரோமீட்டர் பிடிக்கிறீர்கள், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் பீஸ் ரிஜெக்ட் ஆகும் என்று தெரிந்தவர்கள் நீங்கள். ரோட்டரி வால்வுக்கு வேண்டியதும் அதே கண், அதே கைதான். அச்சின் ஆட்டத்தை அளப்பது, தேய்ந்த தட்டை நெருக்கமாக்குவது, புதுத் திருகு கடைவது எல்லாம் உங்கள் லேத்துக்கு எட்டாத வேலைகள் இல்லை. ஒரு கார்க் மாற்றக்கூட வாத்தியத்தைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலை நம் வட்டாரத்துக்குத் தேவையே இல்லை. உங்களில் இரண்டு பேர் கற்றுக்கொண்டால், பள்ளிப்பட்டு முதல் சோளிங்கர் வரை உள்ள செட்டுகளுக்குப் போதும். எனக்குத் தெரிந்ததை நான் மறைக்காமல் சொல்லித்தருகிறேன். ஷிஃப்ட் இல்லாத நாளில் வாருங்கள்.

கடைசியாக, எல்லோருக்குமான வேண்டுகோள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாமே குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு செட்டும் தன் பேஸ், யூஃபோனியம், டிரம்பெட் எல்லாவற்றையும் ஆர்.கே.பேட்டைக்குக் கொண்டுவரட்டும். பிஸ்டனாக இருந்தாலும் ரோட்டரியாக இருந்தாலும் ஒரே இடத்தில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுவோம். எண்ணெய்க்குப் பணத்தைச் செட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். மூன்று வகை எண்ணெயும், கார்க்கும், ரப்பரும், சரியான ஸ்க்ரூ டிரைவரும் அடங்கிய ஒரு பெட்டி பொதுவில் நம் ஊரிலேயே இருக்கட்டும். புதிதாக வந்த பையன்கள் மூன்று இடத்திலும் தங்கள் கையாலேயே சொட்டு விட்டுப் பழகட்டும். எந்த ஞாயிறு என்பதை மாஸ்டர்கள் பேசி முடிவு செய்து சொல்லுங்கள். குப்பிகளை வாங்கி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆர்.கே.பேட்டையிலிருந்து
உங்களோடு பேஸ் வாசித்த ஒருவன்